கைராசிக்காரி பெயரில் போனவை

ஒருத்தியைக் கைராசிக்காரி என்று புகழ்வதைப் போல முதலாளிக்கு வசதியான விஷயம் வேறில்லை. அது சம்பளத்தில் சேராது.

ஆலங்குடியிலிருந்து தினமும் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்கு வரும் பிரகதீஸ்வரிக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர் சிவசாமி. உரக்கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதும் சின்னக் கம்பெனி அவருடையது. புதுக் கம்ப்யூட்டர் வந்தால் சந்தனம் வைத்து, "ஒங்கையால ஆரம்பிச்சு விடும்மா" என்பார். அவளும் 'எழுதுபவர்' என்று கேட்கும் இடத்தில் தன் பெயரையே அடித்துத் தொடங்கி வைப்பாள். பிறகு அந்தப் பெயரை யாரும் மாற்றியதில்லை. அந்த ஆபீஸில் யார் எதை எழுதிப் பொதுச் சர்வரில் ஏற்றினாலும், எழுதியவர் பிரகதீஸ்வரி என்றே பதிந்தது. எல்லாம் நல்லபடி ஓடும்வரை அது ஒருவருக்கும் உறுத்தவில்லை, அவளுக்கும்தான்.

விதைப்பு நேரத்தில் கந்தர்வக்கோட்டைக் கடைகளில் மூட்டை மூட்டையாக உரம் அடுக்கியிருக்க, பில் போடும் திரை மட்டும் 'இருப்பு இல்லை' என்றது. வெயிலில் நின்ற விவசாயிகள் கடைக்காரர்களைத் திட்ட, அவர்கள் சிவசாமியைத் திட்டினார்கள். அந்தப் பிழையை எழுதியவர் என்று சர்வரில் இருந்தது ஒரே பெயர்.

"அத ஏத்துன அன்னைக்கு நான் லீவுங்க சார். அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன்."

"பேரு ஒன்னோடதுதானம்மா இருக்கு. இன்னொரு தடவ இப்புடி ஆச்சுன்னா வேற எடம் பாத்துக்க."

வேறு இடம் என்றால் சென்னை. தென்னையிலிருந்து விழுந்து படுத்த படுக்கையான அப்பாவை விட்டுவிட்டு அவள் எங்கே போவாள்? அது தெரிந்துதான் சொன்னார், அந்த மனிதர்.

சர்வருக்குள் நுழைய ஆளுக்கொரு பாஸ்வேர்டு உண்டு. யாருடைய பாஸ்வேர்டில் நுழைந்து ஏற்றினார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளும்படி சர்வரில் ஓர் ஏற்பாடு செய்தாள். அடுத்த வாரமே இருப்பு மறுபடி மறைந்தது. எழுதியவர் பிரகதீஸ்வரி என்றிருந்தது. ஏற்றியவர் கோபிநாத், முதலாளியின் மச்சினன்.

அவள் காட்டிய திரையைச் சிவசாமி பார்த்தார். கோபிநாத் பக்கத்திலேயே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"சரிம்மா, அவன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ இத எடுத்துரு. ஒரே குடும்பமா இருக்க எடத்துல ஒருத்தர ஒருத்தர் வேவு பாக்குறது நல்லால்ல."

"எடுத்துட்டா மறுபடி எம்பேருதானங்க சார் வரும்?"

"ஒனக்கு இங்க வேல வேணுமா, வேணாமா?"

 அவள் உட்கார்ந்தாள். தான் செய்த ஏற்பாட்டைத் தானே அழித்து, சர்வரில் ஏற்றினாள். எழுதியவர் பிரகதீஸ்வரி என்று விழுந்தது. இத்தனை நாள் அவள் பெயரில் போனவற்றில் எது அவளுடையது, எது இல்லை என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. இது மட்டும் சந்தேகமில்லாமல் அவள் கையால் செய்தது.