கங்கோணான்

கொழுந்து கிள்ளும்போது பூமாரிக்கு இரண்டு கைகளோடு வாயும் ஓட வேண்டும். ஏலப்பாறைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைக் காட்டில், இரண்டு சொற்கள் அருகருகே வந்தால் ஒட்டி ஒன்றாக்காமல் விடமாட்டாள். மழையும் பனியும் சேர்ந்து இறங்கினால் அது 'மழனி'. "மழனியாண்டவரு வந்துட்டாரு, கம்பளியப் போத்துங்கட்டி" என்பாள். இலை நிறுக்கும் கணக்கப்பிள்ளை, 'கணக்கப்பிள்ளைப்பூச்சி'. நிரையில் நிற்கும் பெண்கள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொள்வார்கள்.

சொல் பிறந்த கையோடு அவளுக்குப் பயமும் பிறந்துவிடும். "ஏட்டி, நான் சொன்னேன்னு சொல்லிராத" என்று பக்கத்து நிரை சாந்தம்மாளின் கையைப் பிடிப்பாள். கணவன் கருத்தப்பாண்டி சித்திரையிலிருந்து குளிர்காய்ச்சலில் கிடக்கிறான். தோட்டம் கொடுத்த லயத்து அறை போனால், இந்த மழையில் அவனைச் சுமந்துகொண்டு கம்பத்துக்கு மலை இறங்க வேண்டும். ஆனாலும் வாய் நிற்காது.

ஆட்களை வேலை வாங்கும் நல்லதம்பிக் கங்காணி, தோட்டத்து வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் ஓணான் மாதிரித் தலையாட்டுவார். அவரைக் 'கங்கோணான்' ஆக்கியது அவளுக்கே மறந்துபோயிருந்தது. சொல் மட்டும் லயம் லயமாக நடந்தது. ஆட்கள் பேசுவதைக் கேட்டே தமிழ் பழகிய துரை, ஒரு மத்தியானம், எல்லோரும் எடைக்குக் காத்து நின்றபோது, திருத்தமாக உச்சரித்து அழைத்தார்: "கங்கோணான், இங்கே வா."

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தச் சொல் யார் வாயில் பிறந்தது என்று பூமாரிக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

துரையின் குதிரை வளைவு தாண்டும்வரை கங்காணி பொறுத்திருந்தார். பிறகு பிரம்போடு வந்தார்.

"எவ கட்டுன வார்த்தை இது?"

சாந்தம்மாளின் முன்னால் நின்றார். "நீதான எந்நேரமும் இளிச்சுக்கிட்டுக் கெடப்ப. சொல்லு."

அவள் தரையைப் பார்த்தாள். பூமாரியின் பக்கம் திரும்பவே இல்லை. கங்காணி அவள் கூடையைக் காலால் தள்ளினார். காலையிலிருந்து கிள்ளிய கொழுந்தெல்லாம் சேற்றில் கொட்டியது. பிரம்பு மேலே போயிற்று.

"நாந்தாங்கய்யா சொன்னேன்."

அது தன் குரல்தானா என்று பூமாரிக்கே சந்தேகமாக இருந்தது.

கங்காணி பிரம்பைத் தாழ்த்தினார். குரலையும் தாழ்த்திக்கொண்டார்.

"விடிஞ்சா ஒன் லயத்துல ஆளு இருக்கப்படாது. புருசனையும் தூக்கிட்டுக் கெளம்பிரு."

அவர் போனார். பூமாரி முதுகுக் கூடையை இறக்கி, அதிலிருந்த கொழுந்தை அள்ளி அள்ளி, சாந்தம்மாளின் காலிக் கூடைக்குள் போட்டாள்.