கதவு தட்டாத சர்வே

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் பிழைப்பவர்களுக்குத் தெரு நாய்தான் எதிரி. போனில் கேட்டுப் பிழைப்பவர்களுக்கோ, நமக்கு முன்னால் போன் போட்டுத் தொலைத்த லோன்காரர்கள்.

வடசென்னையில் வருஷாவருஷம் அதே வீடுகளுக்குத்தான் குடும்ப சர்வேக்குப் போய்வந்தேன். இந்த முறை எல்லாம் போனில்தான் என்று மாற்றிவிட்டார்கள். கூடவே சூப்பர்வைசர் ஒரு குண்டும் போட்டார். ஆபீஸ் லைனில் ரெக்கார்ட் ஆகி, முழுசாக முடிந்த பேட்டிதான் கணக்காம். பாதியில் கட் ஆனால் அடுத்த சுற்றில் வேலை கிடையாதாம். வெயிலில் செருப்புத் தேய நடந்தவர்களே, உங்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

வணக்கம் சொன்னால் கட்

ராயபுரத்தில் ஆட்டோ ஓட்டும் லூர்து அண்ணன், நேரில் போனால் ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். அந்த தைரியத்தில் அவருக்குத்தான் முதல் போன். ஆபீஸில் எழுதிக்கொடுத்தபடி, "வணக்கம் சார், தங்களிடம் சில நிமிடங்கள்..." என்றேன். "லோனு வாணாம்மா" என்று வைத்துவிட்டார். மறுபடி போட்டேன், மறுபடியும் வைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எழுதிக்கொடுத்ததைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு மூன்றாவது தடவை அடித்தேன். "அண்ணே, நான் சர்வே சுமதி! இந்தத் தடவையும் கட் பண்ணீங்க, வூட்டாண்ட வந்து சண்ட போடுவேன்!"

"அட, நீயா! அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா, பேங்க்காரி மாரி பேசிகினு கீற?"

தரை என்ன, கூரை என்ன

இதையெல்லாம் நேரில் நாம் யாரையும் கேட்பதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு நோட்டம் விட்டு டிக் போட்டுவிடுவோம். போனில் கண்ணுக்கு எங்கே போவது? திருவொற்றியூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சியிடம் தரையைக் கேட்டேன், கூரையைக் கேட்டேன், கக்கூஸ் வீட்டுக்குள்ளேயா வெளியிலா என்றும் கேட்டேன். அதுவரை பொறுமையாகப் பதில் சொன்ன மனிதர், அங்கே நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, நான் வீட்ட விக்கப்போறேன்னு எவனும் உங்கிட்ட சொன்னானா?"

மாடியில் கஸ்தூரி

எர்ணாவூர் குடியிருப்பில் இருக்கும் கஸ்தூரியை நினைத்தால்தான் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். 'மற்றவர்களுக்குச் சோறு பத்தாது என்று நீங்கள் சாப்பிடாமல் இருந்தது உண்டா?' என்று எங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. நேரில் போனபோது, அதற்குப் பதில் சொல்ல என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போனாள். இப்போது போன் ஸ்பீக்கரில் இருக்கிறது, பக்கத்தில் மாமியார் இருமுவது கேட்கிறது. அந்தக் கேள்வி வந்தது. மாமியார் காதில் விழ அதை எப்படிக் கேட்பது? "லைன் சரியில்லம்மா" என்று நானே கட் பண்ணிவிட்டேன். போச்சு, ஒரு பேட்டி பாதியில் போச்சு, வேலையும் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் என் சொந்த நம்பருக்குக் கஸ்தூரியே கூப்பிட்டாள். "அந்தச் சோத்துக் கேள்விதானேக்கா? மொட்ட மாடிக்கு வன்ட்டேன், இப்போ கேளு." ஆபீஸ் லைனில் பேசினால்தான் கணக்கு என்பதை அந்த நேரத்தில் சொல்ல வெட்கமாகக்கூட இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

"அப்போ அதுலயே போடு, எடுக்கறேன். ஆனா சீக்கிரம்க்கா, துணி எடுக்க இம்மா நேரமான்னு மாமியா கேக்கும்!"

போனுக்கு மாறியதில் நமக்கு நடை மிச்சம்தான், மாடிப்படி ஏறுவதை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.