பள்ளிக்கூடத்து மீனெண்ணெய்

பேரனுக்கு வாங்கிய மீனெண்ணெய் பைக்குள்ளேயே ஒழுகிவிட்டது. அலுப்போடு பையை அலசிக்கொண்டிருந்தபோது, அந்த வாசம் ராஜபாளையத்தில் சேத்தூர் சாலையோரம் இருந்த, இப்போது சுவர்கூட மிஞ்சாத எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு என்னை இழுத்துப்போனது. வெள்ளைக்காரர் ஆண்ட காலம். காலையில் ஓலைக்கூரையின் கீழ் நாங்கள் வரிசையாக வாயைத் திறந்து நிற்க, நர்ஸ் எஸ்தரம்மா ஆளுக்கொரு கரண்டி ஊற்றி, நாக்கில் ஒரு கல் உப்பும் வைப்பார். ஜெபம் முடியும்வரை கவிச்சி தொண்டையிலேயே நிற்கும்.

அம்மா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. பகலெல்லாம் பருத்திக்காட்டு வேலை. பொழுது சாய்ந்தால் கண் தெரியாமல், யார் கையையாவது பிடித்துக்கொண்டு வீடு வருவாள். தண்ணீர் சுமந்து உலை வைக்க நான் மதியமே ஓடிவிடுவேன். படிப்பை நிறுத்திவிடலாம் என்று அப்பா சொல்லியிருந்தார்.

“ஏட்டி, தெனமும் பாதியில எங்க ஓடுத?” என்று எஸ்தரம்மா ஒருநாள் மறித்தார். சொன்னேன்.

“அது மாலைக்கண்ணு. ஒங்கம்மைக்கும் இதக் குடு” என்று ஒரு குப்பியில் எண்ணெய் ஊற்றித் தந்தார். தீரத் தீரத் தந்தார்.

அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். சில வாரம் கழித்து, அந்தி மங்கலில் நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, சுவரைத் தடவாமல் நடந்து வந்து எதிரே உட்கார்ந்தாள். செத்த நேரம் என் முகத்தையே பார்த்தாள்.

“இம்புட்டு மெலிஞ்சிட்டியே, ஏட்டி” என்றாள். பானையை வாங்கிக்கொண்டாள். “நாளையிலருந்து முழுநாளும் படி. சோறு நான் ஆக்குதேன்.”

அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவள் முதுகில் சாய்ந்து அங்கேயே தூங்கிப்போனேன்.