இரண்டு கிளாஸ் சிவப்பு பியர்

கொரோனா வந்து போனபோது என் கணவரின் மூக்கிலிருந்த மணத்தையும் கொண்டுபோய்விட்டது. நாக்கில் உப்பும் இனிப்பும் மட்டும் மிஞ்சின. வேறொருவர் என்றால் அதோடு விட்டிருப்பார். இவர் பியர் விமர்சனம் எழுதுகிறவர். புவாண்ட்-கிளேரில் அலுவலக வேலை. சனிக்கிழமைகளில் மொன்றியலின் சிறிய தயாரிப்பாளர்கள் வடிக்கும் பியர்களை ருசித்து ஆங்கிலத்தில் இணையத்தில் எழுதுவார். வாசிக்க ஆட்கள் இருந்தார்கள். நிறுத்த மனம் வரவில்லை.

ஒரு மத்தியானம் கிளாஸை என்னிடம் நீட்டினார்.

"இஞ்சேரும், ஒரு வாய் குடிச்சுப் பாரும். என்ன மணக்குது எண்டு சொல்லும்."

"நானோ? ஆரும் அறிஞ்சால்?"

"ஆர் அறியப்போகினம்? கதவு பூட்டித்தானே கிடக்கு."

டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் சமையலறையில் நான் வேலை செய்கிறேன். குழம்பு பழுதாகத் தொடங்கியதை மூடியைத் திறக்கும்போதே சொல்லிவிடுவேன். பியரும் எனக்குப் பெரிய வித்தையாகத் தெரியவில்லை. நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் ஆங்கிலத்தில் தட்டினார். இரண்டு வருடம் அப்படி நடந்தது. கல்யாணமாகி அத்தனை காலத்தில், நான் கதைப்பதை அவர் குறுக்கே விழாமல் கேட்டது அந்தச் சனிக்கிழமைகளில்தான். அதற்காகவே நான் காத்திருக்கத் தொடங்கினேன்.

பிறகு ஏல் என்ற வகையில் ஒரு சிவப்பு பியர் வந்தது. கடுமையான சரக்கு, சாதாரண பியரைப்போல இரண்டு மடங்கு வெறி. முதல் வாயில் கருகிய பாண் ஓரம். அடுத்து, சர்க்கரைப் பாகு கருகுவதற்குச் சற்று முன் வரும் அந்த மணம். விழுங்கிய பிறகு தோடம்பழத் தோலின் கசப்பு அடிநாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதன் பின்னால் தொண்டையில் ஒரு சூடு. "இனிப்பைக் காட்டிக் கூப்பிட்டுவிட்டு கசப்பைத் தருது" என்றேன். அந்த வரியை அவர் அப்படியே போட்டார். பியரை வடித்த பெண்ணுக்கு அது பிடித்துவிட்டது. ஞாயிறு பின்னேரம் ருசிபார்க்க வரும்படி அவரை அழைத்தாள்.

"நீரும் வாரும்," என்றார். "உமக்கும் ஒரு கிளாஸ் தருவினம். நல்லதெண்டால் என்ர முழங்கையில தொடும்."

நான் சேலை உடுத்தவில்லை. நல்ல சட்டை ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டேன்.

அங்கே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் இவருடைய அலுவலகத்துத் தமிழர். "அண்ணை, நீங்களும் இஞ்சையோ?" என்று இவர் சிரித்த சிரிப்பிலேயே எனக்கு விளங்கியது. அந்தப் பெண் எனக்குக் கிளாஸ் வைக்க வந்தபோது, அதைக் கையால் மறித்து, "என் மனைவி இதையெல்லாம் தொடமாட்டாள்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "எங்கள் பெண்கள் அப்படித்தான்." அந்த அண்ணை தலையாட்டினார். எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் வந்தது.

அந்தப் பெண் எல்லோருக்கும் அதே சிவப்பு ஏலை இரண்டிரண்டு கிளாஸில் ஊற்றினாள். ஒன்று புதியது, மற்றது வெக்கையில் மாதக்கணக்காகக் கிடந்த போத்தலிலிருந்து எடுத்தது. எது எதென்று சொல்ல வேண்டும். முதலில் என் கணவரைத்தான் கேட்டாள்.

அவர் இரண்டையும் குடித்தார். பேந்து, கிளாஸ்களை மெதுவாக என் பக்கம் நகர்த்திவிட்டு முழங்கையை மேசையில் வைத்தார். இடப்பக்கத்துக் கிளாஸிலிருந்து நனைந்த காட்போட் பெட்டியின் மணம் வந்தது. பழையது அதுதான் என்று அறியக் குனியத் தேவையே இருக்கவில்லை. நான் தண்ணீரைக் குடித்தேன்.

அவர் இடப்பக்கத்தைக் காட்டி, "இதுதான் புதியது," என்றார். கருகிய பாண், சர்க்கரைப் பாகு, தோடம்பழத் தோல் என்று நான் சொன்னதையெல்லாம் அந்தப் பழுதான பியருக்கு ஒப்புவித்தார். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் மரியாதையாக அடுத்தவரிடம் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டார்.

"நீர் தெரிஞ்சுகொண்டுதானே சும்மா இருந்தனீர்?"

"ஓம்."

"ஏன்?"

"நான்தான் தொடமாட்டனே."

எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். அவருடைய கழுத்து சிவந்திருந்ததைப் பார்த்தபோது அது வரவில்லை. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்த வாரமே அவர் இணையத்திலிருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டார். அது எனக்குப் பிந்தித்தான் தெரியவந்தது.

"ஏன் அழிச்சனீங்கள்? அதில இருந்தது நான் சொன்னதெல்லோ?"

"என்ர பேரிலதானே கிடந்தது," என்றார்.

இரண்டு வருடம் நான் தமிழில் சொன்னதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதியதும் இப்போது இல்லை. சனிக்கிழமைகளில் அவர் சோபாவில் படுத்திருந்து ஹொக்கி பார்க்கிறார். நான் அந்த நாளிலும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன்.