ஐம்பதாவது மேற்கோள்

ஜெயஷீலா அந்தக் கல்லூரியில் முப்பது வருஷமாக விலங்கியல் கற்பித்தாள். யாரும் அவளைத் தேட வேண்டியிருந்ததில்லை. முதல் மணி அடிக்கும்போது வகுப்பில் இருப்பாள். கடைசி மணி அடித்தால் கிழக்கேகோட்டை பஸ்ஸில் இருப்பாள். இணைப் பேராசிரியர் பதவி வரை தானாக வந்து சேர்ந்தது. பேராசிரியர் பதவி இனி யாருக்கும் தானாக வராது என்று நிர்வாகம் அந்த வருஷம் முடிவு செய்தது. விண்ணப்பிக்கிறவருடைய ஆய்வுக் கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் ஐம்பது முறையாவது மேற்கோள் காட்டியிருக்க வேண்டும். ஒருவர் தன்னையே மேற்கோள் காட்டிக்கொண்டது கணக்கில் சேராது.

ஓய்வுக்கு ஒரு வருஷம்தான் பாக்கி. ஆகவே இதுதான் முதலும் கடைசியுமான விண்ணப்பம். அவளிடம் படித்த ஸ்ரீலட்சுமி முன்பே நேரடித் தேர்வில் பேராசிரியராகித் துறைத்தலைவராகவும் ஆகியிருந்தாள். ஜெயஷீலா லீவு எழுதி அவளிடம்தான் நீட்ட வேண்டும். ஸ்ரீலட்சுமி ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று கையெழுத்துப் போடுவாள். உட்கார்ந்து போட்டிருந்தால் ஜெயஷீலாவுக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

மேற்கோள்களைத் தேடிக் கொடுப்பது, மலையாளம் கலந்த தமிழ் பேசும் நூலக உதவியாளர் சஜியின் வேலை. அவன் கம்ப்யூட்டரில் ஆய்வுத் தரவுத்தளத்தைத் திறந்து அவள் பெயரைப் போட்டான். எட்டு என்று வந்தது.

"எட்டா?"

"எட்டுதான், டீச்சரே. ஆனா கவலைப்படண்டா. இதுக்கு நம்ம பேரு வைக்கிற ரீதி தெரியாது. டீச்சரோட அச்சன் பேரு என்ன?"

"வன்னியபெருமாள்."

சஜி அதைப் போட்டான். சாலைக் கடைத்தெருவில் ஆயுசு முழுக்கத் தானியம் விற்று, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட வன்னியபெருமாள் பிள்ளை, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பயறு வண்டைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதியிருப்பதாகவும், உலகத்தில் நாற்பத்தொரு பேர் அதை மேற்கோள் காட்டியிருப்பதாகவும் தரவுத்தளம் சொன்னது. கட்டுரை ஜெயஷீலாவுடையது. அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. சஜி இரண்டு பேரையும் ஒன்றாக்கும்படி விண்ணப்பம் அனுப்பினான்.

"நாப்பத்தொம்பது. ஒண்ணுதான் குறவு. ஜூன் கடைசி வரை சமயம் உண்டல்லோ? வருஷத்துக்கு மூணு நாலு விழுது. நமக்கு ஒண்ணு போதும்."

அவளுக்கு அன்று பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. அது அவளுக்குத் தெரியவும் இல்லை.

வீட்டுக்குப் போய் அந்த நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினாள். நாகர்கோவில் பக்கத்து நாட்டுச் சிறுபயறு ஒன்றில் பயறு வண்டு முட்டையிடுவதில்லை, அந்த ரகத்துக்கே இயற்கையான எதிர்ப்பு இருக்கிறது என்பதுதான் அவள் எழுதியது. பிரேசில்காரர் அந்த விதையை வரவழைத்து விதைத்து, விளைந்த பயறில் வண்டு விட்டுப் பார்த்திருந்தார். வண்டு தின்றது. நைஜீரியாவில் தின்றது. கான்பூரில் மற்றப் பயறுகளைவிட விருப்பமாகத் தின்றது. முதலில் வந்தவர்கள் 'மாறுபடுகிறோம்' என்று எழுதியிருந்தார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அந்த மரியாதையும் தேவைப்படவில்லை. நாற்பத்தொன்றும் அவள் சொன்னது தவறு என்றே சொல்லின.

கடைசியாக வந்தது மதுரைப் பக்கத்து மாணவி ஒருத்தியுடையது. மூன்று தடவை விதைத்து, அறுத்து, வண்டு விட்டுப் பார்த்திருந்தாள். 'எங்கள் செய்முறையில் என்ன பிழை என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று முடித்திருந்தாள். ஜெயஷீலா அந்த வரியை விட்டு மேலே போகவில்லை.

மறுநாள் சாலைக் கடைத்தெருவுக்குப் போனாள். அப்பாவின் கடையை இப்போது அண்ணன் குற்றாலலிங்கம் நடத்துகிறார். பரிசோதனைக்கு அந்த நாட்டுப் பயறை அவர்தான் தருவித்துக் கொடுத்தார். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த மற்றப் பயறுகளை அவள் விவசாயப் பண்ணையிலிருந்து வாங்கியிருந்தாள்.

"அண்ணே, பண்டு எனக்குப் பரிசோதனைக்குச் சிறுபயறு தந்தியல்லா?"

"தந்தேன். பதினஞ்சு வருசம் கழிச்சுக் கொறை சொல்ல வந்தியாக்கும்?"

"அதுல என்னமும் போட்டியளா?"

"என்னத்தப் போட? கல்லு பொறுக்கி, மூணு வெயில் காட்டி, விளக்கெண்ணெ தடவித் தந்தேன். சாதாரணமா ஒரு கை தடவுவோம். காலேஜுக்குப் போற சரக்கு, ரெண்டு கை."

ஜெயஷீலா உளுந்து மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"விளக்கெண்ணெயா?"

"பின்னே? எண்ணெ தடவாத பயற என் தங்கச்சி கையில குடுத்தனுப்புவேனா? வண்டு விழுந்தா நாலு பேரு வன்னியபெருமாள் பிள்ளை கடைச் சரக்குன்னுல்லா சொல்லுவான்."

"வண்டு விழுதான்னு பாக்கத்தான் நான் வாங்கினேன்."

"விழல்லல்லா?"

"விழல்ல."

"பின்னே என்னத்துக்குட்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

அவள் சொன்னாள். குற்றாலலிங்கம் கவனமாகக் கேட்டார்.

"நீ சின்னதுலேருந்து தின்னதெல்லாம் எண்ணெ தடவின பயறுதான். ஒரு நாளும் தெரியல்லியா?"

கடைக்குப் பின்னால் சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்குள் அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளை விட்டதில்லை. பயறு என்றால் பளபளவென்றுதான் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். பண்ணைப் பயறு மங்கலாக இருந்ததைப் பார்த்து, 'நாட்டு ரகத்தின் மேல்தோலில் இயற்கையான பளபளப்பு காணப்படுகிறது' என்று கட்டுரையில் ஒரு பத்தியும் எழுதியிருந்தாள்.

"நாப்பத்தொரு பேரா?" என்றார் அண்ணன். "கடைப் பேரு போட்டிருக்கானா?"

"இல்ல."

"அதான் அவனுகளுக்குப் பிடிபடல்ல."

ஜெயஷீலா காரணத்தைச் சொல்லி அந்த இதழுக்கு ஒரு பக்கத் திருத்தம் எழுதினாள். அனுப்புவதற்கு முன்னால் சஜியிடம் காட்டினாள். அவன் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"அனுப்பண்டா, டீச்சரே. ஜூன் கழியட்டும். அதுக்குள்ள ஆராவது ஒருத்தன் வந்து இது தப்பு, தெற்றுன்னு எழுதும். ஐம்பது ஆகும். அப்புறம் சத்தியம் சொல்லலாம். சத்தியத்துக்குக் கடைசி தேதி இல்லல்லோ."

"இப்ப சொன்னா?"

"வழக்கு தீர்ந்துபோகும். தீர்ந்த வழக்குக்கு ஆர் வரும்?"

அவன் சொன்னது சரிதான். அவள் திருத்தத்தைப் பையில் வைத்துக்கொண்டாள். தினமும் முதல் மணிக்கு முன்னால் நூலகத்துக்குப் போய்ப் பார்த்தாள். நாற்பத்தொன்பது. உலகத்தில் எங்காவது இன்னும் ஒரே ஒருவர் அவள் செய்தது தவறு என்று சொல்லவேண்டும். அவள் அதற்காகக் காத்திருந்தாள். கோயிலுக்குப் போனபோது அதை வேண்டிக்கொள்ளவும் செய்தாள். பிரசாதத்தைக் கையில் வாங்கும்போதுதான், தான் வேண்டிக்கொண்டது நிறைவேறுவதற்கு யாரோ ஒருவர் எங்கோ அந்தப் பயறை விதைத்து, அறுத்து, வண்டு விட்டு, மாதக்கணக்கில் குனிந்து எண்ணிக்கொண்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

திங்கட்கிழமை சஜியின் மேஜையில் உட்கார்ந்து திருத்தத்தை அனுப்பினாள்.

"டீச்சர் ஒண்ணு ஆலோசிச்சிருக்கலாம்," என்றான் அவன்.

"அந்த மதுரைப் பொண்ணு நாலாவது தடவையும் விதைச்சிட்டிருந்தா?"

"அது நமக்கு ஐம்பதாவது மேற்கோள் ஆகும்," என்றான் சஜி.

அந்த மாணவிக்கும் ஒரு பிரதி அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. 'மிக்க நன்றி மேடம். நான் ஆராய்ச்சியை விட்டுவிட்டேன். இப்போது பாங்கில் வேலை. எவ்வளவு பயறுக்கு எவ்வளவு எண்ணெய் என்று தெரிவித்தால் வீட்டுக்கு உதவும்.' ஜெயஷீலா அண்ணனிடம் கேட்டு எழுதினாள்.

திருத்தம் ஜூன் மூன்றாவது வாரம் வெளிவந்தது. தரவுத்தளத்தில் எண் மாறியதைப் பார்த்த சஜி, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே வாசலில் வந்து நின்று ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான். அவள் பாடத்தை முடித்துவிட்டு வந்தாள். ஐம்பது என்றுதான் இருந்தது. புதிதாக மேற்கோள் காட்டியவர் பெயர் ஜெயஷீலா.

நிர்வாகம் கேட்டபடி, தன்னைத்தானே மேற்கோள் காட்டிக்கொண்டதை நீக்கும் கட்டத்தில் சஜி ஒரு தட்டுத் தட்டினான். நாற்பத்தொன்பது.

"தெற்றுன்னு சொன்ன நாப்பத்தொரு பேரையும் இது எண்ணும்," என்றான். "அது எதனால தெற்றுன்னு சொன்ன ஆளை மட்டும் எண்ணாது."

"பிரிண்ட் எடு."

அவள் அந்தத் தாளையே விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்தாள். நிர்வாகம் நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை. ஒன்று குறைகிறது என்று கடிதம் வந்தது. கடிதத்தில் பிழை ஒன்றும் இல்லை.

அடுத்த வருஷம் ஜெயஷீலா இணைப் பேராசிரியராக ஓய்வு பெற்றாள். நாகர்கோவில் நாட்டுச் சிறுபயறு பற்றிய அந்தக் கட்டுரை தவறு என்று அதற்குப் பிறகு யாரும் எழுதவில்லை.