பவுலினக்காவுக்கு ஒரு பெல் வேண்டும்

பிள்ளையை இடுப்பில் வாங்குவதற்கு முன்னால் பவுலினக்கா அதன் கையைத்தான் பார்ப்பார். காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டு முடிந்து மலைக்கு ஓடுகிற அவசரத்தில் தாய்மார், பிள்ளை அழாமல் வர வேண்டுமே என்று வீட்டில் கிடந்த எதையாவது கையில் திணித்துத்தான் அக்கா பகலெல்லாம் பிள்ளை பார்க்கிற பிள்ளைக் காம்பராவுக்குக் கூட்டி வருவார்கள். கரண்டி, போத்தல் மூடி, செத்துப்போன ரிமோட். அன்றைக்கு ஜெரோமி சூப்பிக்கொண்டு வந்தது ஒரு வட்ட இரும்பு வளையம். அக்கா அதை வாங்கி, எச்சிலைத் தன் சீலையில் துடைத்து, வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இது எங்கடி கெடந்துச்சு?”

“அதாக்கா?” என்றாள் ஜெரோமியின் தாய் சர்மிளா. “மாதா படத்துக்குச் சட்டமா எங்க மாமா மாட்டியிருந்தாரு. இவன் படத்தப் போட்டுட்டுச் சட்டத்த எடுத்துக்கிட்டான்.”

“சட்டம் இல்லடி இது. றலி சைக்கிளு முன் லைட்டோட வளையம். மாதாவுக்கு நான் நல்ல சட்டமா ஒன்னு தாறேன். புள்ளைக்கு ஒரு தொப்பியும் போட்டுத் தாறேன். என்ன கலரு வேணும்?”

சர்மிளா ரோஸ் கலர் கேட்டாள். ஆம்பிளைப் பிள்ளைக்கு ரோஸா என்று அக்கா கேட்கவில்லை. வளையம் கைமாறிவிட்டதே.

இதற்கு அக்கா வைத்திருக்கும் பெயர் மாத்து. பழைய சைக்கிள் சாமான் சேர்க்கிற அக்கா, காசு கொடுத்து ஒரு ஆணிகூட வாங்க மாட்டார். கம்பளித் தொப்பி, காலுறை, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து விடுவது, சண்டை பிடித்த மாமியாரிடம் தூது போவது, எல்லாமே மாத்துச் சாமான்தான். அதற்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. “குடுத்தவனும் சிரிக்கணும், வாங்குனவனும் சிரிக்கணும். ஒருத்தன் மட்டும் சிரிச்சா அது களவு.”

தொப்பி பின்னுகிற ஊசியும் சைக்கிளில் இருந்து வந்ததுதான். ஸ்போக் கம்பியை ஒரு பக்கம் கூராகத் தேய்த்து, மறுபக்கத்தைத் தட்டிச் சப்பையாக்கி வைத்திருப்பார். கூர்ப் பக்கம் கம்பளிக்கு, சப்பைப் பக்கம் திருகாணிக்கு. வேலை இல்லாத நேரத்தில் அது அக்காவின் கொண்டையில் செருகிக் கிடக்கும். பிள்ளைகள் யாரும் அந்தக் கொண்டையில் கை வைப்பதில்லை. ஒரு தடவை வைத்தவர்கள் மறுபடி வைப்பதில்லை.

வட்டவளைக்கு மேலே, மழையைத் தவிர வேறு எதுவும் தாராளமாகக் கிடைக்காத எங்கள் தோட்டத்தில், பழைய சைக்கிளை யாரும் முழுசாக வைத்திருக்கவில்லை. ஏற்றத்தில் தள்ளித் தள்ளிக் களைத்துப்போய்ப் பிரித்துவிட்டார்கள். பிறகு ஒவ்வொன்றும் வேறு வேலைக்குப் போய்விட்டது. கேரியர் தட்டு வைக்கிற ராக்கை. சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங் ஒரு தாத்தாவின் கட்டிலுக்கு அடியில். செயின் மாட்டுக் கொட்டில் படலைக்கு. இந்த மாறுவேசங்களை எல்லாம் கண்டுபிடிக்க அக்காவுக்குக் கால் வலிக்க அலைய வேண்டியதில்லை. இரண்டு வயதுக்காரர்கள் உளவு பார்த்து, ஆதாரத்தை வாயில் போட்டுக்கொண்டு காலையில் தாங்களே வந்துவிடுகிறார்கள்.

அக்காவைச் சும்மா அலைய வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு நாள் நான், றொசல்லவில் நாகலெட்சுமி என்ற அம்மா வீட்டுக் கோழிக்கூட்டில் றலி மட்கார்ட் ஒன்று கிடக்கிறது என்று அவிழ்த்துவிட்டேன். நாகலெட்சுமியையும் எனக்குத் தெரியாது, அவருடைய கோழியையும் தெரியாது. ரயிலில் யாரோ சொன்ன பெயர். அக்கா ரயில் ஏறிப் போய், சாயந்தரம் தோளில் ஒரு மட்கார்ட்டோடு வந்து இறங்கினார். கோழிக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டியாகக் கிடந்ததாம்.

“ஒனக்கு நல்ல கண்ணுடா” என்று என் தலையில் ஒரு தொப்பியை மாட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு பொய் சொல்லவே எனக்குப் பயமாக இருக்கிறது.

சேர்த்துப் பூட்டிய சைக்கிளை அக்காவே ஓட்டிப் பார்ப்பார். கீழ்நோக்கி மட்டும். காம்பராவில் இருந்து பெக்டரி வளைவு வரைக்கும் சீலையைச் செருகிக்கொண்டு இறங்கி, திரும்பும்போது கொழுந்து லொறியில் சைக்கிளையும் ஏற்றித் தானும் ஏறி வருவார். பிரேக் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, “எதுக்குடா தோட்டம் பூரா தேயில நட்டு வச்சிருக்கான்?” என்றார். சில சாயந்தரங்களில் அவர் கொண்டையில் ஸ்போக்கோடு இரண்டு இலையும் ஒரு அரும்பும் செருகியிருக்கும்.

காம்பராவுக்குப் பக்கத்து லயத்தில், முதல் வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில், சின்னராசா ஐயா நாற்காலியில் இருப்பார். கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அந்தக் காலத்தில் கொழுந்தைக் கையால் பிழிந்து பார்த்து, ஈரம் என்று சொல்லிக் கிலோவை வெட்டுவார். மழை பெய்யாத நாளிலும் அவர் கைக்கு ஈரம் தெரியும். மலையில் அவருக்கு மட்டும் தனிக் கோப்பை. கொழுந்துக்காரிகள் தொட்ட கோப்பையில் அவர் உதடு பட்டதே இல்லை. அக்காவும் அப்போது கொழுந்துக்காரிதான்.

பிறகு ஒரு நாள் ஐயாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வாய்ப் பேச்சும் போய்விட்டன. மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் பகல் முழுக்க நாற்காலியும் அவரும்தான். ஆஸ்பத்திரியில் இருந்து அவர் வந்த வாரம், அக்கா கையில் ஒரு பித்தளை பெல்லோடு போனார். றலி என்று மூடியில் எழுத்து வெட்டிய பெல். முழு றலி ஒன்று சேர்க்க வேண்டும் என்று அக்கா தொடங்கியபோது முதலில் கிடைத்த சாமான் அதுதான்.

“திட்டாம இருந்தா மனுசன் செத்துருவாரு” என்று சொல்லி, நாற்காலியின் இடது கைப்பிடியில் அவசர அவசரமாகப் பூட்டிவிட்டு வந்தார்.

ஒரு தடவை அடித்தால் ஆமாம், இல்லாவிட்டால் தேத்தண்ணி. இரண்டு தடவை என்றால் இல்லை. நிறுத்தாமல் அடித்தால் திட்டு. கொழுந்துக்கு இறங்குகிற பெண்கள் வேண்டுமென்றே அந்த வழியாகப் போய், “ஐயா, இன்னைக்குக் கொழுந்து காய்ஞ்சு கெடக்கு, பாக்கலையா?” என்று கேட்டுத் திட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். பகலில் பெல் கேட்டால் அக்கா அவருடைய தனிக் கோப்பையோடு ஓடுவார். “நம்ம காம்பராவுல பெரிய புள்ள அவருதான். மத்ததெல்லாம் மூனு வயசுல பள்ளிக்கூடம் போயிரும். இது போகாது.”

அக்கா மாத்து இல்லாமல் கொடுத்தது அந்த ஒரு பெல்தான். வம்பும் அதில்தான் வந்தது.

எங்கள் பக்கத்தில் மழை தொடங்கினால் துணி காய்வது என்பது ஒரு கதை. காம்பராப் பிள்ளைகளின் சட்டைகளை அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப் போடுவார்கள். அவை காயாது, புகையும். புகைச் சட்டையைப் போட்டுப் பிள்ளைகள் மழைக்காலம் முழுக்க இருமும். ஹட்டன் ரோட்டில் ஒரு பழைய துரை பங்களா இப்போது வெள்ளைக்காரர் தங்குகிற இடம். அங்கே பெரிய மெஷின் வந்துவிட்டதால், துணி காய வைக்கிற சின்ன மெஷின் ஒன்று சும்மா கிடந்தது. வாசலில் நிறுத்திப் படம் பிடிக்க ஒரு பழைய றலி வேண்டும் என்று அங்கத்தைய மெனேஜர் மாத்தயாவுக்கு ஆசை. அக்கா சிங்களத்தில் பேசி முடித்துவிட்டார். சைக்கிளுக்கு மெஷின். மாத்தயா ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். போனில் ஒரு படத்தைக் காட்டி, இதில் உள்ளதெல்லாம் இருக்க வேண்டும், பெல்லிலும் அதே பெயர் இருக்க வேண்டும் என்றார். மழைக்கு முன்னால் வராவிட்டால் மெஷின் வேறு ஆளுக்குப் போய்விடும்.

லைட் வளையத்தோடு சைக்கிள் முடிந்தது. பெல் மட்டும் ஐயாவின் நாற்காலியில்.

“கழட்டிட்டு வாங்கக்கா. நீங்க குடுத்ததுதானே?” என்றேன்.

“குடுத்தத எடுத்தா அது களவு. மாத்துத்தான் பண்ணணும்.”

“அப்ப வேற பெல்லுல ஆணியால றலின்னு கீறிரலாம். நான் கீறித் தாறேன்.”

“மாத்தயா சிரிப்பாரா?”

“தெரியாது.”

“அப்ப அதுவும் களவு. போடா.”

ஆகவே மாத்து தொடங்கியது. நல்ல பளபளப்பான புது பெல் ஒன்றைக் கொண்டுபோய், பழைய பெல்லுக்குப் பக்கத்திலேயே அக்கா பூட்டினார். இந்த முறை அவசரம் இல்லை. சைக்கிள் ஹேண்டிலில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி, அளவு பார்த்து. ஐயா கட்டை விரலைப் புதியதில் வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு பழைய பெல்லில் இரண்டு தடவை அடித்தார்.

அடுத்த பெல் பச்சை நிறம். இரண்டு தடவை. அதற்கடுத்தது பூப் போட்டது. இரண்டு தடவை.

“பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரில்ல இருக்கீங்க” என்றார் அக்கா. அதற்கு நிறுத்தாமல் அடி விழுந்தது.

மேற்கே மழை கறுத்து நின்ற ஒரு நாள், அக்கா கொடியில் இருந்து ஜெரோமியின் சட்டையை உருவிக்கொண்டு போய் ஐயாவின் மடியில் போட்டார்.

“பெரிய கணக்கப்பிள்ளை ஐயா. புழிஞ்சு பாருங்க. இதுல எத்தன கிலோ தண்ணி வெட்டுவீங்க?”

தண்ணீருக்கு வந்திருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். திட்டு வரும் என்று எல்லோரும் பார்த்திருந்தோம். வரவில்லை. ஐயா அந்தச் சின்னச் சட்டையை இடது கையில் எடுத்தார். பிழிந்தார். முகர்ந்தும் பார்த்தார். பிறகு விரலைப் பூப் போட்ட பெல்லில் வைத்து மறுபடி மறுபடி என்னவோ செய்தார். கடைசியில் பழைய பெல்லில் இரண்டு தடவை, மெதுவாக.

“கல்லுய்யா ஒங்க நெஞ்சு” என்று அக்கா சட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு ஐயாவின் தேத்தண்ணியில் சீனி இல்லை. பெல் சாயந்தரம் வரைக்கும் ஓயவில்லை.

மறுநாள் ஜெரோமிக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். இறக்கிவிட்டால் அலறினான். அவனை வலது இடுப்பில் இறுக்கிக்கொண்டே அக்கா பூப் போட்ட பெல்லைக் கழற்றி எடுக்க இஸ்தோப்புக்குப் போனார். பையன் சிணுங்கினான். வேடிக்கை காட்டலாமே என்று, சும்மா இருந்த இடது கையால் அக்கா அந்த பெல்லை அமுக்கினார். விரல் வழுக்கியது. மறுபடி அமுக்கினார். கட்டை விரல் ஒரு பக்கம் தள்ள, நெம்பு மறுபக்கம் நின்றது. பழையதை அமுக்கினார். டிரிங். ஜெரோமி சிரித்தான்.

அக்கா சிரிக்கவில்லை. நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கு அவசரத்தில் பழைய பெல்லை முன்பக்கம் பின்பக்கமாகப் பூட்டியிருக்கிறார். இடது கைக்கு அது பொருந்திவிட்டது. பிறகு அளவு பார்த்து ஒழுங்காகப் பூட்டிய ஒவ்வொன்றும் வலது கைக்காரனுக்கு. ஐயாவுக்கு இருப்பதோ இடது கை மட்டும்.

“ஐயா” என்றார் அக்கா. “வேணாம்னு சொல்லலையா நீங்க? அமுக்க முடியலையா?”

ஒரு தடவை அடித்தது பெல்.

“இத வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே” என்று கேட்டுவிட்டு, கேட்டது என்ன என்று விளங்கி அக்கா நாக்கைக் கடித்தார். ஐயா நிறுத்தாமல் அடித்தார். ஜெரோமி கைதட்டினான்.

பையனை ஐயாவின் மடியிலேயே இருத்திவிட்டு, கொண்டையில் இருந்து ஸ்போக்கை உருவி, அக்கா பூப் போட்ட பெல்லைத் திருப்பிப் பூட்டினார். ஐயா விரலை வைத்தார். மலிவான சத்தம்தான், கிர்ர் என்று தவளை போல. ஒரு தடவை அடித்துவிட்டு அக்காவைப் பார்த்தார். பிறகு தன் கையாலேயே பழைய பெல்லின் மூடியைத் திருகிக் கழற்றி நீட்டினார். அக்கா சிரித்தார். ஐயாவுக்குப் பாதி முகம்தான் சிரித்தது. மாத்துக்கு அது போதும்.

மாத்தயா வேனில் மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார். போன் படத்தைப் பிடித்துக்கொண்டு சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார். லைட் வளையத்தில் ஏன் சின்னப் பல்லடையாளம் இருக்கிறது என்று கேட்டார். வெள்ளைக்காரனுக்குப் பழசு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அக்கா சிங்களத்தில் விளக்கினார். மாத்தயா “ஹரி, ஹரி”, சரி சரி என்று சிரித்தார். நான் ஓரமாக நின்றதால் நாலு பேரோடு சேர்ந்து சைக்கிளை ஏற்ற வேண்டியதாயிற்று. சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது.

வேன் போய்க்கொண்டிருந்தபோது மழை விழத் தொடங்கியது. அக்கா மெஷினுக்கு முன்னால் குந்தி, கண்ணாடிக்குள் ஜெரோமியின் சட்டை சுற்றுவதைப் பிள்ளைகளோடு பிள்ளையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழ் வளைவில், வேனுக்குள் சைக்கிளோடு பின்னால் இருந்த பொடியன் சும்மா இருக்க முடியாமல் பெல்லை அமுக்கியிருக்க வேண்டும். டிரிங் என்று ஒரு தடவை மேலே வந்தது.

“வந்துட்டேன்யா, வந்துட்டேன்.”

அக்கா எழுந்து, தனக்கென்று ஊற்றி வைத்திருந்த தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு, மழையில் தலையைக் குனிந்தபடி இஸ்தோப்புக்கு ஓடினார். சின்னராசா ஐயா கீழ் ரோட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பூப் போட்ட பெல்லில் விரலை வைத்து இரண்டு தடவை அடித்தார்.

அக்காவும் கீழ் ரோட்டைப் பார்த்தார். பிறகு, காம்பராப் பிள்ளைகளுக்குச் செய்கிற மாதிரி, தானே ஒரு மடக்குக் குடித்துச் சூடு பார்த்துவிட்டு, அதே கோப்பையை ஐயாவின் உதட்டருகே கொண்டுபோனார்.

ஐயா வாயைத் திறந்தார்.