பாமாயில் வந்த செய்தி

“புள்ளி வெச்சி கோடு இழுக்கறதுக்கு ரெண்டு வருசம் காலேஜா? தெனம் வாசல்ல நான் அதத்தானடி பண்ணிக்கினு கீறேன்?” என்றார் பக்கத்து வீட்டிலிருக்கும் அத்தை, என் மடிக்கணினியை எட்டிப் பார்த்து.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். முதுகலையில் எடுத்தது வலைப்பின்னல் அறிவியல். மனிதர்கள் புள்ளிகள், ஒருவர் சொல்லி இன்னொருவருக்குச் செய்தி தெரிந்தால் நடுவில் ஒரு கோடு. ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்த செய்தி உத்திரமேரூர் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்தில் எப்படிப் பரவுகிறது என்று ஆராய ஆசைப்பட்டேன். பேராசிரியருக்கு நம்பிக்கையில்லை.

“ஊர்ல எடுக்கற டேட்டா குழப்பமா வரும்மா. ஒரு தடவை முயற்சி பண்ணுங்க. சரியா வரலன்னா இணையத்துல ரெடியா இருக்கறத எடுத்துக்கங்க.”

என் ஊரை விட்டுவிட்டு, முகம் தெரியாத யாருடைய நட்பு வட்டத்தையோ ஆராய எனக்கு மனமில்லை.

ஒரு சனிக்கிழமை எண்ணெய் வந்தது. கைப்பேசியும் கையுமாக வீடு வீடாகக் கிளம்பினேன். “பாமாயில் வந்துட்ச்சின்னு உங்களுக்கு யார் சொன்னது?” கடைத்தெருவில் ஒழுங்காகப் பதில் வந்தது. ஏரிக்கரைத் தெருவின் முதல் வீட்டில் கேட்டதும் அங்கிருந்த அக்கா துள்ளி எழுந்தார்.

“வந்துட்ச்சா? நல்லவேள சொன்ன! எப்பவும் தீந்தப்புறந்தான் எங்களுக்குத் தெரியும்.”

பையை எடுத்துக்கொண்டு ஓடினார். போகிற போக்கில் எதிர்வீட்டுக்கும் குரல் கொடுத்தார். அதன்பிறகு தெரு முழுக்க எனக்குக் கிடைத்தது ஒரே பதில்: “நீதான் சொன்னியாமே!”

மாலையில் படம் வரைந்தேன். பாதிக் கோடுகள் ஒரே குண்டுப் புள்ளியிலிருந்து கிளம்பின.

“யார்டி அது, நடுவுல பூசணிக்கா மாதிரி?” என்றார் அத்தை.

“நான்தான் அத்தை.”

“கடைக்காரன் சம்பளத்துல பாதிய வாங்கிக்கினு வா, போ!”

அவர் சிரித்து முடிக்கும்வரை அழுகையை அடக்கிக்கொண்டிருந்தேன். பிறகு, வகுப்பில் செய்வதுபோல் அந்தப் புள்ளியை நீக்கிப் பார்த்தேன். படம் இரண்டாகப் பிரிந்தது. கடைத்தெரு ஒரு துண்டு, ஏரிக்கரைத் தெரு ஒரு துண்டு. இடையில் ஒரு கோடுகூட இல்லை.

முதல் படத்தைப் பார்த்துப் பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டாவதில் இரு துண்டுகளுக்கும் நடுவே விரலை வைத்தார். “இந்த இடைவெளி நிஜந்தானான்னு திரும்பப் பாக்கணும். உங்க ஊரையே பண்ணுங்க” என்றார்.

அடுத்த முறை எண்ணெய் வந்த அன்று நான் வீட்டைவிட்டு அசையவில்லை. மறுநாள் போய்க் கேட்டேன். இடைவெளி அப்படியே இருந்தது. ஆய்வை முடித்த கையோடு, ஏரிக்கரைத் தெரு அக்காவின் கைப்பேசி எண்ணை அவரிடமே கேட்டு வாங்கிக் கடைக்காரரிடம் கொடுத்தேன்.

இப்போது முனைவர் பட்ட ஆய்வுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. போன வாரம் அதற்காகப் பழையசீவரம் கிராமத்தில் முதல் தெருவைக் கேட்டு முடித்துவிட்டேன்.